வாக்மேனில் கேட்கும் குரல் லேப்டாப்பில் காணோமே ஏன்? ஆடியோ இன்டர்ஃபேஸில் எதை எங்கே செருக வேண்டும்?

பீரோவைச் சுத்தம் செய்யும்போது ஒரு பழைய கேசட் கிடைக்கிறது. தாத்தா பேசியது, பாட்டி பாடியது என வீட்டில் யாரோ எப்போதோ பதிவு செய்து வைத்தது. கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கலாம் என்று ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கி, வாக்மேனின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரே ஒரு கேபிளை இழுத்து அதில் செருகுகிறார்கள். பிளே பட்டனை அழுத்தினால் ‘ஸ்ஸ்ஸ்’ என்ற இரைச்சல் மட்டும்தான் வருகிறது. குரலைக் காணோம்.

‘டேப் அழிஞ்சு போச்சுப்பா’ என்று பலரும் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். அந்த கேசட் நேராகக் குப்பைக்குப் போகவும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அந்த கேபிளைப் பிடுங்கிவிட்டு அதே துளையில் ஹெட்போனை மாட்டினால், குரல் அப்படியே இருக்கிறது!

டேப்புக்கும் ஒன்றும் ஆகவில்லை, இன்டர்ஃபேஸும் கெட்டுப்போகவில்லை. தவறு, செருகிய கேபிளில். ஆடியோ கருவிகளில் ஒரு பின் ஒரு துளைக்குள் கச்சிதமாகப் போகிறது என்பதால் மட்டும் அந்த இணைப்பு சரியானது என்று ஆகிவிடாது. வீட்டு ஸ்டூடியோக்களில் வரும் பாதி தலைவலி இதிலிருந்துதான் தொடங்குகிறது.

குரல் எங்கே போனது?

ஹெட்போன் பின்னைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இரண்டு கறுப்பு வளையங்கள் அதை மூன்று பகுதிகளாகப் பிரித்திருக்கும். நுனியில் இடது காதுக்கான ஒலி, நடுவில் வலது காதுக்கான ஒலி, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவானது. இது ஸ்டீரியோ.

இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டில் நுழையும் பெரிய பின்னிலும் இதே மூன்று பகுதிகள் உண்டு. பெயர் டிஆர்எஸ். ஆனால் அங்கே அதன் வேலையே வேறு. நுனியில் ஒலி வருகிறது. நடுப்பகுதியில் அதே ஒலி தலைகீழாக வருகிறது. இன்டர்ஃபேஸ் முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்துவிடும். வழியில் கேபிளுக்குள் நுழைந்த இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஒரே மாதிரி இருப்பதால், கழிக்கும்போது அது காணாமல் போகிறது. ஒலி மட்டும் தப்பிக்கிறது. இதற்குத்தான் பேலன்ஸ்டு இணைப்பு என்று பெயர். நீளமான கேபிளிலும் இரைச்சல் ஏறாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு.

இப்போது இந்தத் துளையில் ஸ்டீரியோ ஒலியை அனுப்பினால்? இன்டர்ஃபேஸ் தன் வழக்கப்படி இடதிலிருந்து வலதைக் கழிக்கிறது. பழைய வீட்டுப் பதிவுகள் பெரும்பாலும் மோனோ. அதாவது இடதும் வலதும் ஒன்றேதான். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பூஜ்யம். குரல் போச்சு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாத இரைச்சல் மட்டும் மிச்சம்.

சினிமாப் பாட்டை இப்படி இணைத்தால் இன்னும் வேடிக்கை. பாடுபவரின் குரல் பொதுவாக இரண்டு பக்கமும் சமமாக, நடுவில் வைக்கப்பட்டிருக்கும். அதனால் குரல் மறைந்துபோய், ஓரங்களில் இருக்கும் வயலினும் எதிரொலியும் மட்டும் கேட்கும். ‘கரோக்கி மாதிரி வருதே’ என்று யாராவது சொன்னால், கேபிளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தீர்வுக்குப் பெரிய செலவு இல்லை. ஒரு முனையில் ஹெட்போன் அளவிலான சின்ன ஸ்டீரியோ பின், மறுமுனையில் இரண்டு பெரிய மோனோ பின்கள் என ‘ஒய்’ வடிவத்தில் பிரியும் கேபிள் ஒன்று போதும். சென்னை ரிச்சி தெரு மாதிரியான எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருக்களில் சாதாரணமாகக் கிடைக்கும். இடதை முதல் இன்புட்டிலும் வலதை இரண்டாவது இன்புட்டிலும் செருக வேண்டும். மோனோ டேப் என்றால் இரண்டில் எது தெளிவாக இருக்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் பெரிய டேப் டெக் இருந்தால் அதன் பின்பக்கத்தில் உள்ள சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ துளைகளிலிருந்து எடுப்பது ஹெட்போன் துளையைவிட நல்லது. நாடா பலவீனமாக இருந்தால் அது எத்தனை முறை ஓடும் என்று உத்தரவாதம் இல்லை. எனவே கேபிளை முதலில் வேறு ஏதாவது ஒரு கேசட்டை வைத்துச் சோதித்துவிட்டு, பிறகு அந்த முக்கியமான கேசட்டைத் தொடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஒரே துளை, மூன்று வித ஒலி

விலை குறைவான இன்டர்ஃபேஸ்களில்கூட முன்பக்கத்தில் ஒரு ‘காம்போ’ துளை இருக்கும். சுற்றிலும் மூன்று சின்ன ஓட்டைகள், நடுவில் ஒரு பெரிய ஓட்டை. மைக்கின் எக்ஸ்எல்ஆர் பின்னும் போகும், பெரிய டிஆர்எஸ் பின்னும் போகும். வசதிதான். ஆனால் குழப்பமும் இங்கேதான் ஆரம்பம்.

வெளியிலிருந்து வரும் அனலாக் ஒலி என்பது ஏறி இறங்கும் மின்னழுத்தம், அவ்வளவுதான். அதன் அளவு கருவிக்குக் கருவி மாறும். டைனமிக் மைக்கில் ஒருவர் பேசினால் வருவது ஓரிரு மில்லிவோல்ட். கேசட் டெக், சிடி பிளேயர் போன்ற வீட்டுக் கருவிகளுக்கான அளவுகோல் சுமார் 0.32 வோல்ட். ஸ்டூடியோ கருவிகளுக்கு அது சுமார் 1.23 வோல்ட். அதாவது ஒரு மைக்கும் ஒரு மிக்ஸரும் அனுப்பும் அளவுகளுக்கு இடையே பல நூறு மடங்கு வித்தியாசம்!

அதனால்தான் மைக் வழியில் ஒலியைப் பெருக்கும் பிரீஆம்ப் இருக்கிறது. மிக்ஸரின் அவுட்புட்டை எக்ஸ்எல்ஆர் கேபிள் மூலம் மைக் வழியில் செருகினால், கெயினைக் கடைசிவரை குறைத்தாலும் ஒலி கரகரக்கக்கூடும். மைக்கை லைன் வழியில் கொடுத்தாலோ, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் சன்னமாக வரும். ‘மைக் மோசம், வேற வாங்கணும்’ என்று கடைக்குக் கிளம்பும் முன், மைக் எந்த வழியில் போகிறது என்று ஒருமுறை பார்த்துவிடலாம்.

மூன்றாவது வகை, கிடார், வீணை போன்ற வாத்தியங்களின் பிக்கப். இதில் அளவு மட்டும் பிரச்சினை இல்லை. பேட்டரியோ மின்சாரமோ இல்லாமல் இயங்கும் பிக்கப்பால் அதிக மின்னோட்டத்தைத் தள்ள முடியாது. அதை அதிகம் உறிஞ்சாத ஒரு இன்புட் தேவை. ‘இன்ஸ்ட்’ அல்லது ‘ஹை-இசட்’ என்று எழுதியிருக்கும் பட்டன் அதற்குத்தான். அதை அழுத்தினால் இன்புட்டின் மின்மறுப்பு சுமார் 10 லட்சம் ஓம் வரை உயரும். சாதாரண லைன் வழியில் அது சில பத்தாயிரம் ஓம்தான். அழுத்த மறந்தால் எலக்ட்ரிக் கிடாரின் மேல்ஸ்தாயி மங்கிப்போகும். வீணையின் உடம்பில் ஒட்டும் கான்டாக்ட் மைக்குக்கு இதற்கு நேர்மாறாக நடக்கும். அது பெரும்பாலும் பீசோ வகை என்பதால், அடிநாதம் போய், தகரத்தைத் தட்டுவது மாதிரி கேட்கும். வாத்தியத்தில் எந்தக் குறையும் இருக்காது!

கீபோர்டுக்கு இந்தப் பட்டன் வேண்டாம். அது லைன் வகை. இடது, வலது என்று இரண்டு அவுட்புட்டுக்கும் இரண்டு கேபிள்.

எல்பி ரெக்கார்டு வைத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். டர்ன்டேபிளின் ஊசியிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட். மைக் அளவுதானே என்று மைக் வழியில் கொடுத்தால் சத்தம் வரும், ஆனால் பாட்டு மெலிந்து, கீச்சென்று இருக்கும். ரெக்கார்டு தயாரிக்கும்போதே அடிஒலியைக் குறைத்து, மேல்ஒலியைக் கூட்டித்தான் பள்ளம் வெட்டுவார்கள். அதைத் திரும்பச் சரிசெய்யும் வேலையை ‘ஃபோனோ பிரீஆம்ப்’ செய்கிறது. சில டர்ன்டேபிள்களில் அது உள்ளேயே இருக்கும். இல்லாவிட்டால் தனியாக வாங்கியாக வேண்டும்.

அந்த 48 வோல்ட் பட்டன்

கன்டென்சர் மைக்குகளுக்கு மின்சாரம் தேவை. அதை மைக் கேபிள் வழியாகவே அனுப்புவதுதான் ‘ஃபேன்டம் பவர்’. சாதாரண டைனமிக் மைக்கை மாட்டியிருக்கும்போது இது ஆன் ஆகியிருந்தால் மைக் எரிந்துவிடும் என்று ஒரு பயம் உண்டு. கேபிள் சரியாக இருந்தால் அப்படி ஆகாது, இரண்டு கம்பிகளிலும் 48 வோல்ட் சமமாக இருப்பதால் மைக்குக்குள் எதுவும் ஓடாது.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில். பழைய ரிப்பன் மைக், எக்ஸ்எல்ஆர் கேபிளில் வரும் மிக்ஸர் அல்லது கீபோர்டின் அவுட்புட், செல்போனுக்கான காலர் மைக்கை வெறும் அடாப்டர் போட்டு எக்ஸ்எல்ஆரில் செருகுவது. இந்த மூன்றிலும் 48 வோல்ட் போனால் கருவி பாழாகலாம். எனவே மாட்டும்போதும் கழற்றும்போதும் அந்தப் பட்டன் ஆஃபில் இருக்கட்டும். ஸ்பீக்கர் சத்தத்தையும் குறைத்து வைப்பது காதுக்கு நல்லது.

சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன?

அனலாக் ஒலியை இன்டர்ஃபேஸ் நொடிக்கு 44,100 முறையோ 48,000 முறையோ அளந்து எண்களாக மாற்றுகிறது. அந்த எண்ணுக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்படும். டேப்பில் சத்தம் கொஞ்சம் கூடினால் ஒலி இதமாகக் கனக்கும் என்பார்கள். டிஜிட்டலில் அந்தச் சலுகை கிடையாது. வெட்டுப்பட்டதை முழுமையாக மீட்கவும் முடியாது.

24 பிட்டில் பதிவு செய்யும்போது மீட்டரை உச்சிக்குத் தள்ளத் தேவையே இல்லை. அதிகபட்ச சத்தம் மைனஸ் 12 டெசிபல் அருகே நின்றால் போதும், பிறகு கூட்டிக்கொள்ளலாம். பாடகரைச் சோதிக்கும்போது பல்லவியை மெதுவாகப் பாடவைத்துப் பார்ப்பதில் பயனில்லை. உச்ச ஸ்தாயியைப் பாடச் சொல்லித்தான் கெயினை வைக்க வேண்டும்.

டிஜிட்டல் என்றால் தொல்லை இல்லையா?

எண்களாகவே ஒலியை அனுப்பும் கருவிகளில் அளவுப் பிரச்சினையும் இரைச்சலும் பெரிதாக இருக்காது. ஆனால் துளையின் தோற்றத்தை நம்பி ஏமாறுவது இங்கே இன்னும் அதிகம்.

டிவியின் பின்னால் சிவப்பாக ஒளிரும் சின்னச் சதுரத் துளையைப் பலரும் பார்த்திருப்பார்கள். அது டாஸ்லிங்க். பெயரிலேயே தோஷிபா இருக்கிறது, அந்த நிறுவனம் 1983-ல் கொண்டுவந்தது. அதே துளை, அதே கேபிள் ஸ்டூடியோ இன்டர்ஃபேஸ்களிலும் உண்டு. ஆனால் அதன் வழியாக இரண்டு வெவ்வேறு மொழிகள் போகலாம். ஒன்று, இரண்டு சேனல் கொண்ட எஸ்பிடிஃப். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கியது. இன்னொன்று, 1990-களின் தொடக்கத்தில் அலிசிஸ் நிறுவனத்தின் டேப் கருவியோடு வந்த ஏடாட். இதில் ஒரே கேபிளில் 8 சேனல் போகும். ஒரு பக்கம் ஏடாடிலும் மறுபக்கம் எஸ்பிடிஃபிலும் இருந்தால் நிசப்தம்தான், சில நேரம் காதைக் கிழிக்கும் இரைச்சல். இரண்டு கருவிகளின் செட்டிங்கிலும் ஒரே பெயரைத் தேர்வு செய்தால் வேலை முடிந்தது.

மிருதங்கம், கடம், வயலின் என்று கச்சேரி முழுவதையும் தனித்தனி மைக்கில் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு இந்த ஏடாட் துளை ஒரு புதையல். இரண்டே மைக் துளை உள்ள இன்டர்ஃபேஸில் ஏடாட் இன்புட் இருந்தால், 8 மைக் பிரீஆம்ப் ஒன்றைச் சேர்த்து 10 மைக் வரை போகலாம். புது இன்டர்ஃபேஸ் வாங்க வேண்டியதில்லை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தால் அந்த 8 சேனல் 4 ஆகச் சுருங்கிவிடும்.

டிவியிலிருந்து ஒலியை எடுப்பவர்கள், டிவி மெனுவில் டிஜிட்டல் அவுட்புட்டை ‘பிசிஎம்’ என்று மாற்ற வேண்டும். டால்பி வடிவத்தில் சுருக்கிய ஒலியை எல்லா இன்டர்ஃபேஸும் புரிந்துகொள்ளாது.

எஸ்பிடிஃப், ஆர்சிஏ பின்னிலும் வரும். அதற்கு 75 ஓம் கேபிள் தேவை. பழைய டிவிடி பிளேயரோடு வந்த மஞ்சள் நிற வீடியோ கேபிள் வீட்டில் கிடந்தால் அதுவே போதும். எக்ஸ்எல்ஆர் பின்னில் வரும் டிஜிட்டல் ஒலியும் உண்டு, அது ஏஇஎஸ். பார்க்க மைக் கேபிள் மாதிரியே இருந்தாலும் அதற்கு 110 ஓம் கேபிள். அதை மைக் துளையில் செருகினால் பாட்டு வராது.

மிடி கேபிளையும் சொல்லியாக வேண்டும். 1983-ல் அறிமுகமான இந்த ஐந்து முள் இணைப்பில் ஒலியே போவதில்லை. எந்தக் கட்டையை, எவ்வளவு வேகமாக, எப்போது அழுத்தினார்கள் என்ற குறிப்பு மட்டும்தான் போகிறது. கீபோர்டை மிடியில் மட்டும் இணைத்துவிட்டு ‘சத்தமே வரலையே’ என்று தேடுவது வீண். பல கீபோர்டுகளின் யுஎஸ்பி இணைப்பும் இப்படி மிடியை மட்டுமே அனுப்பும்.

தாளம் போட ஒருவர் போதும்

இரண்டு டிஜிட்டல் கருவிகளை இணைக்கும்போது கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி, ‘யார் கிளாக்?’ என்பது. நொடிக்கு 48,000 முறை அளக்கும் அந்தத் தாளத்தை ஒரே ஒரு கருவிதான் போட வேண்டும். மற்றவை அதைப் பின்பற்ற வேண்டும். ஒரே கச்சேரியில் இரண்டு பேர் தனித்தனியாகத் தாளம் போட்டால் என்ன ஆகும்? கொஞ்ச நேரம் சேர்ந்து போகும், பிறகு விலகும். டிஜிட்டலில் அந்த விலகல்தான் சில நொடிகளுக்கு ஒருமுறை வரும் ‘டிக்’, ‘டப்’ ஓசை. கேபிள், லேப்டாப், சாஃப்ட்வேர் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தும் இது போகாது. இன்டர்ஃபேஸ் செட்டிங்கில் கிளாக் சோர்ஸை ‘இன்டர்னல்’ என்பதிலிருந்து எஸ்பிடிஃப் அல்லது ஏடாடுக்கு மாற்றினால் பெரும்பாலும் போய்விடும்.

வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். சிடியின் வேகம் 44,100. வீடியோவுக்கு வழக்கம் 48,000. 44,100-ல் வந்த ஒலியை 48,000 என்று நினைத்து ஓடவிட்டால், 4 நிமிடப் பாட்டு சுமார் 20 விநாடி முன்னாலேயே முடிந்துவிடும். சுருதியும் ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறிவிடும். ஐந்து கட்டையில் பாடியவர் ஐந்தே முக்காலில் பாடிக்கொண்டிருப்பார். சுருதிப்பெட்டியோடு ஒத்துப்பார்க்கும் வரை பலருக்கு இது தெரிவதே இல்லை.

‘உம்ம்’ சத்தமும் மூன்றாவது முள்ளும்

எல்லாம் சரியாக இணைத்த பிறகும் அடியில் ‘உம்ம்ம்’ என்று ஒரு சத்தம் நிற்காமல் வரலாம். இந்தியாவில் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஒரு முழுச் சுற்று அலைகிறது, அதன் குரல்தான் இது. வெவ்வேறு பிளக் பாயின்ட்டில் எர்த் ஆன இரண்டு கருவிகளை ஒரு ஆடியோ கேபிள் இணைக்கும்போது, எர்த் கம்பிகளும் கேபிளின் மேலுறையும் சேர்ந்து ஒரு வளையம் உருவாகிறது. அதில் ஓடும் சின்ன மின்னோட்டம் ஒலியோடு கலந்துவிடுகிறது.

முதல் சோதனைக்குக் காசு செலவில்லை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் வளையம் சார்ஜர் வழியாகப் போகிறது என்று அர்த்தம். எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுவது அடுத்த படி. அப்போதும் போகவில்லை என்றால், கீபோர்டுக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ். டாஸ்லிங்க் கேபிளில் வெளிச்சம் மட்டுமே போவதால் இந்த உறுமல் அதன் வழியாக வரவே வராது.

ஆனால் பலர் செய்வது வேறு. பிளக்கின் மூன்றாவது பெரிய முள்ளை, அதாவது எர்த்தை, கழற்றிவிடுகிறார்கள். சத்தம் உடனே நின்றுவிடும் என்பதால் இது ஒரு ‘டிப்ஸ்’ஸாகவே பரவிவிட்டது. இது உயிரோடு விளையாடுவது. ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு கம்பி கழன்று உலோகப் பெட்டியில் பட்டால், எர்த் இருந்தால் அந்த மின்சாரம் அதன் வழியாகப் போய் ஃபியூஸோ பிரேக்கரோ விழும். எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட் அந்தப் பெட்டியிலேயே காத்திருக்கும். கிடார் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதட்டை வைத்துப் பாடுபவரின் உடம்புதான் அதற்குக் கிடைக்கும் வழி.

மைக்கில் உதடு பட்டதும் ‘சுர்’ரென்று இழுத்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது எர்த் சரியில்லை என்பதற்கான எச்சரிக்கையாக இருக்கலாம். உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக் பாயின்ட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த டேக்.